மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகலாமா? வில்லியனூர், பாகூர் கிராமங்களுக்கு ஒரு யோசனை

இந்தியாவில் சர்க்கரை நோய் எங்கே அதிகம் என்று கேட்டால் பலரும் சென்னை, மும்பை என்று பெருநகரங்களைச் சொல்வார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு வேறு பதில் தருகிறது. 2008 முதல் 2020 வரை, 20 வயதைக் கடந்த சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரை நேரில் பரிசோதித்துச் செய்த ஆய்வு இது. அதன் முடிவுகள் 2023 ஜூனில் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியாயின. அதன்படி நாட்டிலேயே முதலிடம் கோவாவுக்கு, 26.4 சதவீதம். அடுத்த இடத்தில் நமது புதுச்சேரி, 26.3 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்.

அதாவது புதுச்சேரியில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரை டப்பா இல்லாத வீடு ஒரு தெருவில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் இது செய்தியே இல்லை. அத்தாவுக்கு பிரஷர், அம்மாவுக்கு சுகர், மூத்தவருக்கு இரண்டும் என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது.

புதுச்சேரியில் மருத்துவ வசதிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருமாம்பாக்கம் போன்ற கிராமப் பகுதியில்கூட தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொம்யூன்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவற்றுக்குக் கீழே துணை சுகாதார நிலையங்கள். அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் மாத்திரைகள் இலவசம். பிறகு ஏன் இத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வருவதில்லை? பல காரணங்கள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை: இலவச மாத்திரையைக் கையில் வாங்குவதற்கு ஏழை கொடுக்கும் விலை.

வரிசையின் விலை

மாத்திரைக்கு விலை இல்லை. ஆனால் அதை வாங்கப் போகும் நாளுக்கு விலை இருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, கடைசியில் மருந்து ஜன்னலில் இன்னொரு வரிசை. டாக்டர் பார்க்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். நோட்டைப் புரட்டி, ‘அதே மாத்திரையைத் தொடருங்கள்’ என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். நோயாளி வீடு திரும்பும்போது உச்சி வெயில். கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகிறவருக்கு அன்றைய கூலி போயிற்று. பல இடங்களில் மாத்திரை ஒரு மாதத்துக்கோ, அதற்கும் குறைவாகவோதான் தரப்படுகிறது. ஆகவே அடுத்த மாதம் மறுபடியும் அதே வரிசை.

இதில் முதலில் விலகிப் போகிறவர்கள் யார்? அன்றாடக் கூலிக்காரர்கள். கைக்குழந்தையையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ விட்டுவிட்டு வர முடியாத பெண்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ பிரான்சிலோ இருக்க, துணைக்கு ஆளின்றித் தனியாக வாழும் முதியவர்கள். மூட்டு வலியால் பேருந்தில் ஏற முடியாதவர்கள். நம் சமுதாயத்தில் இன்னொரு பிரிவினரும் உண்டு. கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்கள். மருத்துவம் போன்ற அவசியத் தேவைக்கு வெளியே செல்ல மார்க்கம் இடம் தந்தே இருக்கிறது. இருந்தும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, நான்கு மாதம் பத்து நாளும் மாத்திரையை விட்டுவிடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கும் உடம்புக்கு அந்த மாதங்களில்தான் கவனிப்பு அதிகம் தேவை.

மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆனாலும் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. இந்த இரு நோய்களின் சூழ்ச்சியே அதுதான். ‘நல்லாத்தானே இருக்கேன், அடுத்த வாரம் போய்க்கலாம்’ என்று தோன்றும். சிலர் இருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டிக்கிறார்கள். சில வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சிலர் பக்கத்து வீட்டில் கடன் வாங்குகிறார்கள், இருவருக்கும் ஒரே மாத்திரைதானா என்று பார்ப்பதில்லை. இப்படி மாதத்துக்கு ஒரு வாரம் விட்டால் ஆண்டுக்கு மூன்று மாதம் மருந்தில்லை என்று கணக்கு. சில ஆண்டுகளில் பக்கவாதமாகவோ, சிறுநீரகச் செயலிழப்பாகவோ, ஆறாத கால் புண்ணாகவோ அது வெளியே வரும். பிறகு அதே குடும்பம் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் காத்துக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் 2020இல் எடுக்கப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பு இதை எண்களில் காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. இலவச மருந்து வழங்கலில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்படும் மாநிலத்தின் நிலை இது.

எல்லைக்கு அப்பால் நடப்பது

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு தமிழ்நாடு அரசு எடுத்த முடிவுதான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களில் 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் செவிலியர் வருகிறார், இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் வந்து சேர்கின்றன. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருதும் 2024இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

இத்திட்டம் தமிழ்நாட்டு அரசுடையது, அதனால் அதன் எல்லை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. நம் ஊர் எல்லை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் வரை புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. பாகூர் கொம்யூனோ கடலூர் மாவட்டத்துக்கு நடுவே செருகி வைத்தது போல இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற இந்த எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே நோய். சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு வாசலில் மாத்திரை தரும் திட்டம் ஒன்று இருக்கும்போது, அரியூரில் இருக்கும் தங்கைக்கும் அது ஏன் கிடைக்கக்கூடாது என்ற கேள்வி நியாயமானது.

அதே நேரத்தில் அத்திட்டத்தில் குறையே இல்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை கொண்டு வரும் பெண்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு வெயிலில் நடப்பவர்கள். உழைப்பவரின் கூலியைத் தாமதப்படுத்தவோ குறைக்கவோ கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தரப்பட்ட ஒழுங்கு. அவர்களின் கைகளை நம்பி ஒரு திட்டம் நடக்குமானால் அவர்களுக்குக் கௌரவமான ஊதியம் தருவதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியே. தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களின் மாத்திரை அரசுப் பட்டியலில் இல்லாமல் போவது இன்னொரு சிக்கல். இவை அனைத்தையும் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு மாத்திரை வந்துவிட்டால், டாக்டரிடம் போகும் வழக்கமே நின்றுவிடாதா?

சென்னை தந்த பழைய பாடம்

இதற்கான பதில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் கிடைத்தது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும், நல்ல உணவு, ஓய்வு, காற்று வேண்டும் என்பதே மருத்துவ உலகின் நம்பிக்கை. ஏழை நாட்டில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாகாண அரசு ஆகியவை அதில் கைகோத்தன. அங்கே நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அவர்களின் நெருக்கடியான வீடுகளிலேயே மாத்திரை.

1959இல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. ஏழை வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அந்த மையம்தான்.

நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதை. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். மருத்துவமனையிலிருந்து மருந்து வெளியே வந்தபோது, கண்காணிப்பும் அதன் கூடவே வெளியே வந்தது. வரிசையிலிருந்து மாத்திரையைப் பிரிக்கலாம், பரிசோதனையிலிருந்து பிரிக்கக்கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இந்த ஒன்றைத்தான்.

ஆப்பிரிக்காவின் இரண்டு வழிகள்

வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது மட்டும்தான் வழி என்பதும் இல்லை. எச்.ஐ.வி. நோயாளிகள் லட்சக்கணக்கில் பெருகி, கிளினிக்குகள் தாங்க முடியாமல் திணறியபோது ஆப்பிரிக்க நாடுகள் வேறு சில வழிகளைக் கண்டுபிடித்தன. நோய் வேறாக இருந்தாலும் வாழ்நாள் முழுவதும் தினமும் மாத்திரை என்ற நிலை ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு வெளியே கயெலிட்ஷா என்ற ஏழைக் குடியிருப்பில், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு 2007இல் நோயாளிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. மருந்து நன்றாக வேலை செய்கிற 25 முதல் 30 பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் எடை பார்த்து, நலம் விசாரித்து, பெயர் எழுதி முன்பே கட்டி வைத்த மருந்துப் பையைக் கையில் கொடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏதேனும் கோளாறு தெரிந்தால் உடனே செவிலியரிடம் அனுப்பப்படுவார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தபோது, இக்குழுக்களில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். வழக்கமான கிளினிக் வரிசையில் நின்றவர்களில் நீடித்தவர்கள் 85 சதவீதம். பின்னர் 2014 முதல் தென்னாப்பிரிக்க அரசே நிலையான நோயாளிகளின் மருந்தைத் தனியாகக் கட்டி, வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக்கடை போன்ற இடங்களில் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தது. சுகர், பிரஷர் மாத்திரைகளும் அதில் அடக்கம்.

மொசாம்பிக் நாட்டின் டேட்டே மாகாணத்தில் 2008இல் தொடங்கிய முறை இன்னும் எளிமையானது. ஒரே ஊரைச் சேர்ந்த அதிகபட்சம் ஆறு பேர் ஒரு குழு. மாதம் ஒருவர் முறை வைத்துக் கிளினிக்குக்குப் போவார். ஆறு பேரின் மருந்தையும் அவரே வாங்கி வருவார். அன்று அவருக்கு டாக்டர் பரிசோதனையும் நடந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுவார்கள், மாத்திரையோ ஒரு மாதமும் தவறாது. நம் தெருக்களில் சீட்டுக் கட்டும் பெண்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நம் பக்கத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது, நாள்பட்ட நோயாளிகளுக்கு மூன்று மாதம் வரை மருந்தைச் சேர்த்துத் தரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே வழிகாட்டியது. இலங்கையில் அரசு மருத்துவமனை கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால்காரர்கள் வீடுகளில் கொண்டு சேர்த்தார்கள். நெருக்கடியில் முடிந்தது சாதாரண நாளில் முடியாதா?

நம் கொம்யூன்களில் எப்படிச் செய்யலாம்?

முதல் வேலை, நோயாளிகளை இரண்டாகப் பிரிப்பது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை பார்த்ததில் சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு பிரிவு. கட்டுக்குள் வராதவர்கள், புதிதாக நோய் கண்டவர்கள், கர்ப்பிணிகள், கால் புண் உள்ளவர்கள், இப்போதுதான் இன்சுலின் தொடங்கியவர்கள் இன்னொரு பிரிவு. முதல் பிரிவினருக்கு மாதாமாதம் டாக்டர் தேவையில்லை, மாத்திரை போதும். இரண்டாம் பிரிவினருக்கு டாக்டரின் கூடுதல் நேரம் தேவை. இன்று இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இருவருக்கும் இரண்டு நிமிடம் தருகிறோம்.

அடுத்தது, நிலையானவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தருவது. ஒரு சுகாதார நிலையத்தில் இப்படி 600 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வரச் சொன்னால் மாதம் 600 வருகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 200. கூட்டம் தானாகக் குறையும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். மருந்துக் கிடங்கில் இருப்பு மட்டும் தடைபடாமல் இருக்க வேண்டும். கையிருப்பு இல்லாமல் அறிவிக்கப்படும் திட்டம் முதல் மாதத்திலேயே மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும்.

மூன்றாவது, ஆளுக்கேற்ற வழி. நடக்க முடிந்தவர் ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ குறித்த நாளில், வேலைக்குப் போகுமுன் பெற்றுக்கொள்ளலாம். மாலை நேரம் இன்னும் நல்லது. படுக்கையில் இருப்பவருக்கும் வெளியே வர இயலாத பெண்களுக்கும் செவிலியர் வீட்டுக்கு வர வேண்டும். ஒரே தெருக்காரர்கள் விரும்பினால் முறை வைத்து வாங்கலாம். இன்சுலின் மட்டும் தனி ஏற்பாடு. அதைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டு வர வேண்டும், ஊசி போடும் முறையையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, கூடவே வரும் பரிசோதனை. ஒவ்வொரு முறை மாத்திரை தரும்போதும் பிரஷர் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். மீதி மாத்திரையை எண்ண வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையும் டாக்டர் சந்திப்பும் கட்டாயம். ஆண்டுக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகம் பார்க்க வேண்டும். குறித்த நாளில் வராதவருக்கு அந்த வாரத்திலேயே போன் போக வேண்டும்.

இதற்கு ஆள் பலம் எங்கே என்று கேட்கலாம். இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார நிலையம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் சமுதாய மருத்துவத் துறையும் பயிற்சி மருத்துவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் அமைந்த இடம் நாட்டில் மிகக் குறைவு. கொம்யூனுக்கு ஒரு கல்லூரியைப் பொறுப்பாக்குவதற்கு அரசின் முடிவு ஒன்றே தேவை.

ஜமாஅத்தின் பங்கு

நம் ஜமாஅத்துகள் ரத்த தானமும் மருத்துவ முகாமும் நடத்துவது வழக்கம். பாராட்டத்தக்க பணி. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் முகாமில் சுகர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, பிறகு 364 நாள் அவர் என்ன ஆனார் என்று கேட்காமல் இருப்பதில் பயன் குறைவு. முகாமுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியைத் தொடர் கவனிப்புக்குத் திருப்பலாம்.

பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தை மாதம் ஒருநாள் சுகாதாரத் துறைக்கு மருந்து வழங்கும் இடமாகத் தரலாம். பெண்கள் தனியாக வந்து அமர வசதி செய்யலாம். தெருவில் தனியாக வாழும் முதியவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், இத்தாவில் இருப்பவர் யார் என்பதை மஹல்லா அறியும். அவர்களின் சம்மதத்துடன் செவிலியருக்கு வழிகாட்டலாம். ஓர் இளைஞர் இரு சக்கர வாகனத்தில் ஐந்து வீட்டுக்குத் தகவல் சொல்ல அரை மணி நேரம் போதும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஜமாஅத் மருந்துக்கடை ஆகிவிடக்கூடாது. மாத்திரையை வாங்கி வைத்து, தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுப்பது ஆபத்து. பெயர், அளவு, தேதி எழுதி மருந்தாளுநர் கட்டிய பை மட்டுமே கைமாற வேண்டும். யாருக்கு என்ன நோய் என்பது அமானிதம். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் இது கசிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மனநல மாத்திரை, காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களின் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை திருத்தலமும் பள்ளிவாசலும் ஒரே ஊரில் அமைந்த இடம். நம் மண்டபம் திறக்கப்படுமானால் அது தெருவில் உள்ள எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும். அதேபோல ஊரில் வேறெங்கு மருந்து வழங்கினாலும் நம் பெண்கள் தயங்காமல் போக வேண்டும். சர்க்கரை நோய் யார் என்று பார்த்து வருவதில்லை.

ரமழானுக்கு முன்னால்

வீட்டுக்கே மாத்திரை வரும் ஏற்பாட்டில் நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. ரமழானில் சாப்பாட்டு நேரம் தலைகீழாகிறது. காலை மாத்திரையை ஸஹரில் போடுவதா, இரவு மாத்திரையை இஃப்தாரில் போடுவதா என்று பலரும் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். மருந்து பற்றிய இந்தக் கேள்வியை ஆலிம்களிடம் கேட்பவர்களும் உண்டு. நோன்பின் சட்டத்தை ஆலிம் சொல்லலாம். மாத்திரையின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அபாயகரமாகக் குறைத்துவிடும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமழான் வழிகாட்டுதல், நோன்புக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது. அதாவது ரஜப் மாதத்தின் முதல் பாதிக்குள். மூன்று மாத மாத்திரை கையில் இருக்கிறது என்பதற்காக இந்தச் சந்திப்பைத் தவறவிடக்கூடாது. திட்டம் வகுப்பவர்களும் முஸ்லிம் நோயாளிகளின் ஆறு மாதப் பரிசோதனைகளில் ஒன்று அந்த நேரத்தில் அமையும்படி நாள் குறிக்கலாம். செலவில்லாத மாற்றம் இது.

நோன்பு நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது அதே வழிகாட்டுதலின் அறிவுரை. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். நோயாளிக்குச் சலுகையை இறைவனே திருமறையில் தந்திருக்கிறான். அதை ஏற்பதில் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. உடம்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

இப்போது செய்ய வேண்டியவை

அரசு முடிவெடுக்கும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம். வீட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளியின் மாத்திரையும் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று இன்றே எண்ணுங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பு யார் போய் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கிடைக்குமா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, ‘அம்மா, மாத்திரை இருக்கா? கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்க?’ என்று வாரம் ஒருமுறை கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள் அந்தந்த சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியை ஒருமுறை சந்திக்கலாம். ஊரில் உள்ள மற்றச் சமுதாயப் பெரியவர்களையும் அழைத்துச் செல்வது இன்னும் சிறந்தது. வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று: நிலையான நோயாளிகளுக்குத் தனி வரிசையும் மூன்று மாத மருந்தும், ஊருக்குள்ளேயே மருந்து பெறும் நாள், வர முடியாதவரின் வீட்டுக்குச் செவிலியர். சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இதையே எழுத்தில் தரலாம். சர்க்கரை நோயில் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு இது பெரிய கேட்பு அல்ல.

நம் வீட்டுப் பெரியவர்களை வீண் அலைச்சலிலிருந்தும் தடுக்கக்கூடிய நோய்களிலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அதற்காக நம்மால் இயன்றதைச் செய்யும் மனதையும் நமக்குத் தருவானாக.